இடது காலில் அரை அங்குலம்

நவம்பர் மாதம் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்திற்கு ஆணியின் எடை ஐம்பத்தேழு கிலோ முந்நூறு கிராம். இருக்க வேண்டியது ஐம்பத்தேழு. அரங்கத்தில் எடை பார்க்கும் நேரம் பதினொரு மணி. கடைசியாக அவள் தண்ணீர் குடித்தது முந்தைய நாள் நண்பகல். மறுநாள் மாலை ஏழு மணிக்கு, கிக்பாக்ஸிங் சாம்பியன் பெல்ட்டை மூன்றாம் முறையாகக் காக்க அவள் மேடையேறுவதாக ஏற்பாடு. சங்கத்தின் விதிப்படி, மூன்று முறை காத்தவருக்கு பெல்ட் நிரந்தரச் சொந்தம். அதுவரை அது சங்கத்தின் உடைமை. இடுப்பில் கட்டியிருப்பவர் வெறும் காவலர்.

ஆணி என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. முதல் போட்டியில், எத்தனை அடி விழுந்தும் நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவில்லை. "அறைஞ்ச ஆணி மாதிரி நிக்குறா பாரு!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது. பத்து ஆண்டுகளாகின்றன. அம்மாவையும் தங்கையையும் தவிர எல்லோரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

புதன்கிழமை மாலை அம்மாவின் தையற்கடையில் ஒன்று நடந்தது. நீராவி இஸ்திரிப் பெட்டியிலிருந்து கொதிநீர் சொட்டுச் சொட்டாக ஆணியின் இடது பாதத்தின்மேல் விழுந்தது. அவள் சீருடைகளை மடித்துக்கொண்டே பேசினாள். பாதம் நகரவில்லை. அதைப் பார்த்தவள் தங்கை ஒருத்திதான். தங்கை பிசியோதெரபிஸ்ட்; மருத்துவமனையில் நாள் முழுவதும் பிறருடைய கைகால்களை எழுப்புகிறவள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், சிவந்த பாதத்தின்மேல் ஈரத்துணியைப் போட்டாள், போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, தங்கை குளியலறைக்குள் வந்து கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள்.

ஆணி கழுத்துவரை வெந்நீரில் கிடந்தாள். வியர்வையாக முந்நூறு கிராம் போக வேண்டும். வெளியே அண்ணன் கடிகாரத்தோடு நின்றான். அவன் லிஃப்ட் மெக்கானிக். விடியற்காலையிலும் மாலையிலும் தங்கைக்குப் பயிற்சியாளன்.

"இன்னும் எட்டு நிமிஷம். தூங்கிடாதே!"

"தூங்கினா எடை குறையுமா?" என்றாள் ஆணி.

"வாயை மூடு. பேசினாலும் தாகம் எடுக்கும்."

தங்கை தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அக்காவின் இடது காலைத் தண்ணீருக்கு வெளியே எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"கண்ணை மூடு."

"எதுக்கு?"

"மூடுன்னா மூடு. பாதத்துமேல பஞ்சு வைக்கறேன். வச்சதும் சொல்லு."

ஆணி கண்ணை மூடினாள். காத்திருந்தாள். "வைடி சீக்கிரம். நேரமாகுது."

"மூணு தடவை வச்சு எடுத்துட்டேன்."

ஆணி கண்ணைத் திறக்கவில்லை.

"கட்டை விரலைத் தூக்கு."

"தூக்கிட்டேன்."

"இல்லக்கா. பாரு."

பார்த்தாள். கட்டை விரல் அப்படியே கிடந்தது. தூக்கியதாக அவள் உறுதியாக நம்பினாள்; முயற்சி முழங்கால்வரை போய் அங்கேயே நின்றுவிட்டது போலும்.

"எப்பலேருந்து?"

"ஏப்ரல்."

ஏப்ரலில் இரண்டாம் முறை பெல்ட்டைக் காத்தாள். நான்காம் சுற்றில் எதிராளி அவளுடைய இடது முழங்காலுக்கு வெளிப்புறம், ஒரே இடத்தில், பதினோரு முறை கீழ் உதை உதைத்தாள். ஆணி நகரவில்லை. ஐந்தாம் சுற்றில் எதிராளிதான் சோர்ந்து விழுந்தாள். வெற்றிப் புகைப்படத்தில் ஆணி வலது காலை ஊன்றிச் சிரிக்கிறாள். இடது கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது.

"முட்டிக்கு வெளிய, எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுது," என்றாள் தங்கை. மருத்துவமனையில் பேசும் குரல் அது. "பாதத்தைத் தூக்கறது அதுதான். நசுங்கிப்போயிருக்கு. சும்மா விட்டா திரும்பி வரலாம், வராமலும் போகலாம். நாளைக்கு அதே இடத்துல இன்னொரு பத்து அடி விழுந்தா வரவே வராது. நீ ஆயுசு முழுக்கக் காலை இழுத்துக்கிட்டுத்தான் நடப்பே."

"ஒரு நாள்தான்டி. ஒரே ஒரு போட்டி. அப்புறம் பெல்ட் எனக்கே."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா ஃபாரம்ல கையெழுத்துப் போடமாட்டேன்."

போட்டியாளரிடம் மறைத்த காயம் எதுவும் இல்லை என்று அவளும், அவள் பக்கம் நிற்கும் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அண்ணன் ஒருவன், தண்ணீரும் ஐஸும் பார்த்துக்கொள்ளும் தங்கை மற்றொருத்தி.

"நேரமாச்சு!" என்று கதவு தட்டப்பட்டது.

ஆணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பயமாவது வந்திருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். எடை ஐம்பத்தாறு கிலோ தொள்ளாயிரம் கிராம்.

பெல்ட்டை வெல்வது ஒரு வேலை. காப்பது வேறு வேலை. வெல்லும்போது எதிரே நிற்பவள் ஒருத்தி. அவளுடைய பழைய போட்டிகளைப் பார்க்கலாம். எந்தத் தோள் முதலில் அசைகிறது, எந்தச் சுற்றில் மூச்சு வாங்குகிறது என்று எழுதிவைக்கலாம். வென்ற மறுநாள் முதல் நிலைமை தலைகீழாகிறது. யாரென்றே தெரியாத பத்துப் பேர், பத்து அறைகளில் உட்கார்ந்து, உன்னைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நீ யாரைப் பார்ப்பது? எனவே ஆணி இரண்டு ஆண்டுகளாகக் காலை ஓட்டத்தையும், பல் காப்பைக் கடித்துக்கொண்டு படியேறுவதையும், கீழ்க்காலெலும்பு மரத்துப்போகும்வரை தொங்கும் பயிற்சி மூட்டையை உதைப்பதையும் ஒருநாள்கூட நிறுத்தவில்லை. எலும்பு மரத்தால் நல்லது என்பது இந்தத் தொழிலின் கணக்கு. மரத்துப்போவது எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

கிளம்பும்போது அம்மா முன்னறையில் தையல் எந்திரத்தின்முன் இருந்தாள். வாயில் நான்கு குண்டூசிகள். பள்ளிச் சீருடைகள் தைப்பவள். பகலில் பெரும்பாலும் அவள் வாயில் ஊசி இருக்கும், ஆகவே பேச்சு இராது. வெட்டுமேசைக்கு மேலே தொங்கிய பெல்ட்டைக் கழற்றித் துணிப்பையில் வைத்துக் கொடுத்தாள். அயர்ன் செய்த கறுப்புப் பாண்ட்டை நீட்டினாள். தலையை அசைத்தாள். அவ்வளவுதான்.

அரங்கத்தில் முதல் மேசை பெல்ட்டுக்கானது. காவலர் பெல்ட்டை ஒப்படைக்க வேண்டும். போட்டி முடிந்தபின் வென்றவர் இடுப்பில் அது ஏறும். வெள்ளைக் கையுறை அணிந்த மேற்பார்வையாளர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்புறத் தோலில் ஒரு மடிப்பு. அதன்மேல் நெருக்கமான தையல்.

"யாரும்மா இதைச் சின்னதாக்கினது?"

"எங்கம்மா. இடுப்புல நிக்காம நழுவிக்கிட்டே இருந்துச்சு."

"சங்கத்துப் பொருள்மேல ஊசியே படக்கூடாதே!" என்று பதறியவர், தையலை விரலால் தடவினார். "நல்லாத்தான் தைச்சிருக்காங்க. நாளைக்கு ஜெயிச்சா உங்களோடது, பேச்சே இல்லை. தோத்தா பிரிச்சுத்தான் குடுக்கணும்."

"தோக்க மாட்டா," என்றான் அண்ணன்.

இரண்டாவது, எடை. தடுப்புத் திரைக்குப் பின்னால் ஆணி பாண்ட்டைக் கழற்றி, வழக்கம்போல் இரு கால்களையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து மடித்தாள். மேல் விளிம்பு சேர்ந்தது. கீழ் விளிம்பு சேரவில்லை. மறுபடி மடித்தாள். மறுபடியும் சேரவில்லை. இடது கால், வலது காலைவிட அரை அங்குலம் குட்டை.

அம்மா அளவு தவறித் தைப்பவள் அல்லள். நாற்பது ஆண்டுகளில் ஒரு குழந்தையின் சீருடைகூட அவளிடம் திரும்பி வந்ததில்லை.

ஆணி பைக்குள்ளிருந்த பயிற்சிப் பாண்ட்டை எடுத்து விரித்தாள். அதிலும் அரை அங்குலம். நேற்று உடுத்திய நீலப் பாண்ட்டும் பைக்குள்தான் இருந்தது. அதிலும் அரை அங்குலம். பாதம் தூக்காத கால், துணியின் விளிம்பைத் தரையில் தேய்க்கும். தேய்ந்த விளிம்பை வெட்டி, உள்ளே மடித்து, பழைய தையலோடு பொருந்தும்படி தைத்திருந்தாள் அம்மா. எந்த நாளில், எந்த நேரத்தில் என்று ஆணிக்குத் தெரியாது. ஏழு மாதங்களாக அந்தப் பாண்ட்டுகளை உடுத்தி நடந்திருக்கிறாள். ஒருமுறையும் தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று அவள் யோசித்ததும் இல்லை.

"ஐம்பத்தாறு கிலோ, எண்ணூற்று ஐம்பது!" என்று எடை அறிவிக்கப்பட்டது. கைதட்டினார்கள்.

மூன்றாவது, மருத்துவர். அன்று அவர் முன் பதினெட்டுப் போட்டியாளர்கள். இரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணில் விளக்கடித்தார், விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார்.

"வேற ஏதாவது தொந்தரவு?"

"இல்லை டாக்டர்."

முத்திரை விழுந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காலை அவர் பார்க்கவேயில்லை.

தங்கை சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்காவது, இரு போட்டியாளரும் எதிரெதிரே நின்று புகைப்படத்துக்கு முறைத்துக்கொள்வது. எதிராளிக்கு இருபத்திரண்டு வயது. சந்தையில் மீன் வெட்டுகிறவள். மேடைப் பெயரும் மீன்காரிதான். இருவர் மூக்கும் தொடும் நெருக்கத்தில் நின்றார்கள்.

"இன்னும் கிட்ட! இன்னும்!" என்றார் புகைப்படக்காரர்.

மீன்காரி உதட்டை அதிகம் அசைக்காமல் பேசினாள். "அக்கா, கதவுலேருந்து இங்க வர்றதுக்குள்ள உங்க இடது செருப்பு பதினாலு தடவை தரையைத் தட்டுச்சு."

"எண்ணினியா?"

"ஆறு மாசமா உங்க வீடியோவைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். எங்கம்மாவைவிட உங்களை எனக்கு நல்லாத் தெரியும். ஜெயிச்சவங்க யாராவது முன்னால வச்சு நிக்குற காலை மாத்துவாங்களா? ஏப்ரலுக்கு அப்புறம் நீங்க மாத்தினீங்க."

"அப்ப நாளைக்கு எங்க அடிப்பே?"

"வேற எங்க?" அதில் ஏளனம் இல்லை. எந்த மீன் புதிது என்று கேட்டவருக்குப் பதில் சொல்லும் குரல். "நான் உங்க இடத்துல இருந்தா வரமாட்டேன்."

பயமுறுத்தினாளா, புத்தி சொன்னாளா என்பது விளங்கவில்லை. ஒன்றுமட்டும் விளங்கியது. அந்தக் காலைப் பற்றி, கேட்காமலே, வாய்விட்டு ஆணியிடம் முழுதாகச் சொன்ன முதல் வெளியாள் அவளுடைய எதிராளி.

கடைசி மேசையில் படிவம். அண்ணன் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தான். பேனாவைத் தங்கையிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"என்ன வேடிக்கை பாக்கறே? போடு."

"அண்ணா," என்றாள் ஆணி, "என்னை எதுக்கு வலது கால் முன்னாடி வச்சு நிக்கச் சொன்னே?"

"எதிராளி குழம்பட்டும்னு. எத்தனை தடவை சொல்றது?"

"நிஜமா?"

அவன் பேனாவை மூடினான். பிறகு திறந்தான். "இடது கால் உதைச்சுட்டுத் திரும்பி வர நேரமாச்சு. நீ சோம்பல்படறேன்னு நினைச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சோம்பல் இல்லைன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா நீ சொல்லிடுவியே," என்றான் அண்ணன்.

பழுதான ஒரு மாடியில் நிற்காதபடி லிஃப்ட்டை மாற்றி ஓட்டுவது அவன் தொழிலில் உண்டு. அதையே இங்கும் செய்திருந்தான். அம்மா துணியைக் குறைத்திருந்தாள். தங்கை ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுவதும் வாய்திறக்காமல் இருந்தாள். ஆணியோ செருப்புக்குள் கால் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யப் பழகியிருந்தாள். நால்வரும் அவரவருக்குத் தெரிந்த வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார்கள். யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை.

நாளை பத்து அடி விழும். பெல்ட் வரலாம், வராமலும் போகலாம். அரை அங்குலம் ஓர் அங்குலமாகும். அதையும் அம்மா வாயில் ஊசியோடு தைத்துவிடுவாள்.

இந்த எண்ணம் வந்தபோதும் ஆணிக்கு ஒன்றும் வலிக்கவில்லை. கூட்டல் கணக்கின் விடைபோல் அது எதிரே நின்றது. அவள் திரும்பி மருத்துவரின் மேசைக்கு நடந்தாள். இப்போது அவளுக்கே கேட்டது: தட், தட், தட்.

"எங்க போறே?" என்றான் அண்ணன். அவள் நிற்கவில்லை. தங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், நீங்க என் காலைப் பாக்கலை."

"முத்திரை போட்டாச்சேம்மா."

"குதிகால்ல நடக்கச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, நடங்க."

வலது பாதத்தின் விரல்கள் மேலே நிமிர்ந்தன. இடது பாதம் தரையிலேயே படுத்திருந்தது. மூன்று அடி நடந்தாள். அரங்கத்தில் பேச்சு குறைந்தது. மீன்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஏழு மாசம்."

"தொந்தரவு இருக்கான்னு கேட்டேனே? அப்பவே சொல்ல வேண்டாமா?"

"தொந்தரவு இல்லை டாக்டர். அங்க ஒண்ணுமே இல்லை. அதான் விஷயம்."

முத்திரையிட்ட தாளை மருத்துவர் குறுக்கே கோடிட்டு அடித்தார்.

பிற்பகல் மூன்று மணிக்கு பெல்ட் மீண்டும் அம்மாவின் மேசைமேல் இருந்தது. மடிப்பைப் பிரித்து ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். ஆணி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். இருபத்தேழு மணி நேரத்துக்குப் பிறகு குடித்த தண்ணீர். அதற்கு ருசியும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

அம்மா பிளேடை எடுத்தாள். முதல் முடிச்சை நெம்பினாள். நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள். தையல் முழுவதும் ஒரே இழுப்பில் கழன்று வந்தது. தோலில் ஒரு வெட்டும் இல்லை. வளரும் குழந்தையின் சீருடையைப் பிரித்துவிடும்படி உள்ளே துணி விட்டுத் தைப்பாளே, அதே தையல். மகள் வென்ற மறுநாள் தைத்தது.

"தோப்பேன்னு அப்பவே நினைச்சியாம்மா?"

அம்மா வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். "அடுத்தவங்க பொருள். பிரிக்கிற மாதிரிதானே தைக்கணும்?"

"பாண்ட்டெல்லாம் இடது பக்கம் குறைச்சிருக்கே."

"ஏப்ரல்லேருந்து விளிம்பு நைஞ்சு வந்துச்சு. தடுக்கி விழுந்துடுவியேன்னு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டு?" என்றாள் அம்மா. பிளேடை மேசைமேல் வைத்தாள். "கேட்டிருக்கணும். எனக்குத் தெரிஞ்சது தையல்தானேடி. அதைச் செஞ்சேன்."

பெல்ட்டின் பின்புறத்தில் மடிப்பின் தடம் கோடாகத் தெரிந்தது. அம்மா அதைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை. "யார் கட்டினாலும் வெளியே தெரியாது," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தங்கை ஆணியின் அருகில் வந்து உட்கார்ந்தாள். "அழணும்னா அழுதுடுக்கா."

"வரலைடி."

"வரும்."

"நரம்பு மாதிரியா?"

"அதைச் செவ்வாய்க்கிழமை டெஸ்ட் எடுத்தாத்தான் சொல்ல முடியும்," என்றாள் தங்கை. தான் சொன்னதைக் கேட்டுத் தானே சிரித்தாள். ஆணியும் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

நான்கு மணிக்கு அண்ணன் வந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. படிவத்தில் தான் இட்ட கையெழுத்தை மேற்பார்வையாளரிடம் சொல்லி அடிக்கச் சொன்னதாகச் சொன்னான். "எனக்கு எழுத்துமூலமா எச்சரிக்கை குடுத்திருக்காங்க. குடுக்க வேண்டியதுதான்." பிறகு பெல்ட் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான். எடுத்துப் போகும்படி அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று மாலைக்குள் முடிவானவை வருமாறு. மருத்துவர் ஆணிக்கு ஆறு மாதத் தடை விதித்தார். காயத்தை மறைத்ததற்காக அவளும் எழுத்துமூலம் எச்சரிக்கப்பட்டாள். அதை அவள் மறுக்கவில்லை. பெல்ட் காவலர் இல்லாததாக அறிவிக்கப்பட்டது. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அதற்காக மீன்காரியும், மாற்றாக அறிவிக்கப்பட்ட ஒருத்தியும் மோதுவார்கள். வெல்பவரின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிவிட ஆணி நேரில் வருவாள். இதை அவளே கேட்டுக்கொண்டாள், சங்கம் ஒப்புக்கொண்டது. நரம்புப் பரிசோதனை செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, நால்வரும் போவார்கள். பாண்ட்டுகளின் இடது விளிம்பைப் பிரித்துவிடுவதா, அரை அங்குலம் குறைந்தபடியே விடுவதா என்பது மட்டும் அதன்பிறகு முடிவு செய்யப்படும்.